ரெட்டியார்பாளையத்தில் ஒரு சைகோன் விருந்து

புதுச்சேரிக்குப் பிரயாணம் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியங்களை உத்தேசித்துப் போகிறார்கள். கடற்கரையில் காற்று வாங்கச் சிலர். ஆசிரமத்தில் சிறிது நேரம் மௌனமாக உட்கார்ந்து வரச் சிலர். மூன்றாவது கூட்டத்தார் எதற்காகப் போகிறார்கள் என்பதைக் குடும்பத்தோடு வாசிக்கப்படும் ஒரு பத்திரிகையில் நாம் விஸ்தரிக்க வேண்டியதில்லை. நாம் போனது இவை மூன்றிலும் சேராத காரியத்துக்காக. யுத்தம் பார்க்கப் போனோம்.

'நாம்' என்றதும் ஏதோ பெரிய கோஷ்டி கிளம்பிவிட்டதாக நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. ஒரு குடை, ஒரு கைப்பை, ஒரு குறிப்புப் புத்தகம். இவற்றைத் தவிர நமக்கு வேறு துணை கிடையாது. வீட்டாரையும் அழைத்துத்தான் பார்த்தோம். "கோட்டை இருந்தால் வருகிறோம், இல்லாத கோட்டையைப் பார்ப்பதற்கு வெயிலில் அலைவானேன்?" என்று கேட்டுவிட்டார்கள். கேள்வி நியாயமானதே. புதுச்சேரிக் கோட்டையை ஆங்கிலேயர் 1761-ல் பிடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். ஆயினும் கர்நாடக யுத்தங்களை இருபது வருஷ காலமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதித்து வருகிற ஒருவருக்கு, அந்த யுத்தங்கள் நடந்த மண்ணில் ஒரு பகல் முழுதும் நடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இருப்பது இயல்புதானே?

விழுப்புரத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறினோம். வளவனூர், கண்டமங்கலம், அரியூர் எல்லாம் தாண்டி வில்லியனூர் வந்தது. திருக்காமீசுவரர் கோயில் கோபுரத்துக்கு இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டோம். அப்புறம் மூலக்குளம், அதன் பிறகு ரெட்டியார்பாளையம். பெயரைக் கேட்டதும் வைக்கோற்போரும் மாட்டுக் கொட்டிலும் கண்முன் வந்தால் அந்தச் சித்திரத்தை அழித்துவிடலாம். மாடி வீடுகளும், மருந்துக் கடைகளும், ஓயாத வாகன இரைச்சலுமாக அது இன்று நகரத்தின் ஓர் அங்கம். ஆனால் 'பாளையம்' என்றால் படை இறங்கித் தங்கும் இடம் அல்லவா? நாம் வந்த காரியத்துக்குப் பெயரளவிலேனும் பொருத்தமான ஊர்தான். அங்கேயே இறங்கிவிட்டோம்.

இந்தச் சாலையின் மகிமை, அதில் தினந்தோறும் போய்வருகிறவர்களுக்கே தெரியாது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிக்குக் கோட்டைச் சுவர் மட்டும் காவலாக இருக்கவில்லை. கோட்டைக்கு வெகு தூரம் வெளியே, ஊரை அரை வட்டமாக வளைத்துக் கொண்டு, கற்றாழையும் சப்பாத்தியும் இன்னும் பலவகை முட்செடிகளும் அடர்ந்த ஒரு பெரிய வேலி இருந்தது. குதிரைப் படை அதை ஊடுருவ முடியாது. முக்கியமான சாலைகள் வேலியைக் கடக்கும் இடங்களில் பீரங்கி வைத்த காவல் அரண்கள். வில்லியனூர்ச் சாலைக்கும் ஓர் அரண் உண்டு. 1760 செப்டம்பரில் கூட் என்னும் ஆங்கிலத் தளபதியின் படைகள் இந்த வேலியைக் கைப்பற்றின. அதோடு ஊருக்குள் வரும் தானியம் நின்றது.

அப்புறம் நடந்ததை நம் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை. அந்த வருஷம் நவம்பர் மாதக் கடைசியில், கோட்டைக்குள் உணவு தீர்ந்து வருவதைக் கண்ட பிரெஞ்சுத் தளபதி லாலி, ஊரில் எஞ்சியிருந்த தமிழ் ஜனங்களை வெளியே துரத்தினான். சுமார் 1,400 பேர். ஆண், பெண், குழந்தை எல்லோரும். அவர்கள் ஆங்கிலேயர் காவலண்டை வந்தார்கள். அங்கே மறித்துத் திருப்பியனுப்பினார்கள். கோட்டை வாயிலுக்கு ஓடினார்கள். அங்கே துப்பாக்கியால் சுட்டார்கள். இரு படைகளுக்கும் நடுவே, புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றுகொண்டு, எட்டு நாள் வரையில் கிடந்தார்கள் என்று ஆர்ம் என்னும் ஆங்கிலச் சரித்திரக்காரரே எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் கூட் மனமிரங்கி வழி விட்டானாம். லாலி யார், கூட் யார் என்பது பரீட்சையில் கேட்கப்படுகிறது. அந்த 1,400 பேரில் ஒருவர் பெயராவது நமக்குக் கிடைத்திருக்கிறதா? தினசரிக் குறிப்பு எழுதுவதில் அசகாய சூரரான ஆனந்தரங்கப் பிள்ளையும் அப்போது நோயாளி. ஊர் விழுவதற்குச் சில தினங்களுக்கு முன், 1761 ஜனவரியில், காலமாகிவிட்டார்.

வேலி இருந்த அடையாளம் ஒரு முள்ளளவும் இன்று இல்லை. சாலையோரத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, நகருக்குள் போகும் பஸ்ஸைப் பிடித்தோம்.

கடற்கரைச் சாலையில் முதல் உலக யுத்தத்தின் ஞாபகச் சின்னம் இருக்கிறது. வெள்ளை வெளேரென்ற தூண்கள். அவற்றுக்கு நடுவே, குனிந்த தலையும் துப்பாக்கியுமாக ஒரு சிப்பாய். 1938 ஏப்ரல் 3-ந் தேதி கவர்னர் குரோசிக்கியா இதைத் திறந்து வைத்தார். பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய்த் 'தாயகத்துக்காக' உயிர் கொடுத்த போர்வீரர்களுக்கு என்னும் கருத்துப்படப் பிரெஞ்சில் பொறித்திருக்கிறார்கள். நாம் அந்தத் 'தாயகம்' என்ற சொல்லின் முன் வெகு நேரம் நின்றோம். எவருடைய தாயகம்? காரைக்காலிலும் வில்லியனூரிலும் பிறந்த பிள்ளைகள், ஆறாயிரம் மைலுக்கு அப்பால் பனியிலும் சேற்றிலும் மடிந்தார்களே, அந்தச் சேறா அவர்களுக்குத் தாயகம்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இந்தச் சின்னம் எழுவதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்தி, 1936 ஜூலை 30-ந் தேதி, இதே ஊரில் எட்டு மணி நேர வேலை கேட்ட ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சுச் சர்க்கார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. 12 பேர் மாண்டார்கள். அவர்களுக்குக் கவர்னர் எவரும் தூண் நாட்டவில்லை.

நிற்க. பிரெஞ்சுக்காரனுக்காகப் போனவர்கள் எல்லோரையும் ஒரே சொல்லில் 'தேசத் துரோகிகள்' என்று தள்ளிவிடுகிற நண்பர்களும் நமக்கு உண்டு. அவர்கள் 1881-ம் வருஷத்துச் சட்டத்தைச் சற்றே படிக்க வேண்டும். தன் ஜாதி வழக்கங்களையும் குல தர்மத்தையும் விட்டுவிடுவதாக அதிகாரி முன்னிலையில் எழுதிக் கொடுத்தால், பிரெஞ்சுப் பிரஜைக்குள்ள உரிமை கிடைக்கும் என்றது அந்தச் சட்டம். அதற்கு எட்டு வருஷத்துக்கு முன்பு, 1873-ல், பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் காலில் பூட்ஸ் அணிந்து கோர்ட்டுக்குப் போனதற்காகத் தடுக்கப்பட்டார். பாரிஸ் வரையில் வழக்காடி ஜயித்தார். பிற்பாடு லாபோர்த் என்று பெயரும் வைத்துக் கொண்டார். செருப்புப் போட்டு நடக்கவே வழக்காட வேண்டியிருந்த காலம் அது! ஊருக்குள் தலை நிமிர முடியாதவன், கடல் தாண்டினால் நிமிரலாம் என்று கண்டதும் கப்பலேறியதில் என்ன ஆச்சரியம்? அந்தக் கப்பல்களில் பல சைகோனுக்குப் போயின. அங்கே சிப்பாயாகவும், போலீஸாகவும், சுங்க உத்தியோகஸ்தராகவும், குமாஸ்தாவாகவும் புதுச்சேரித் தமிழர்கள் அமர்ந்தார்கள். செட்டியார்கள் வேறு வழியாகப் போய்க் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். தண்டாயுதபாணிக்குக் கோயிலும் கட்டினார்கள். சைகோன் மாரியம்மனை இன்றைக்கும் அந்நாட்டு ஜனங்களே கும்பிட்டு வருகிறார்கள்.

இவ்வளவையும் எண்ணிக் கொண்டே தெற்கு நோக்கி நடந்து தூய்ப்ளேக்ஸ் சிலையையும், மாதா கோயிலுக்கு எதிரே நிற்கும் ஜான் ஆப் ஆர்க்கையும் பார்த்தோம். (ஆங்கிலேயரைத் துரத்திய வீராங்கனைக்கு, ஆங்கிலேயர் இடித்த ஊரில் சிலை வைத்தது மெத்தப் பொருத்தம்!) அதற்குள் பகல் பன்னிரண்டு அடித்துவிட்டது. வயிறு, சரித்திரத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவிட்டது.

நம் பள்ளியில் கணக்குப் போதிக்கும் நண்பருக்குப் பெரிய தாயார் முறையாகும் அம்மையார் ஒருவர் ரெட்டியார்பாளையத்தில் இருக்கிறார். எண்பதைக் கடந்தவர்; சைகோனில் பிறந்தவர். தகப்பனார் புதுச்சேரித் தமிழர், பிரெஞ்சுப் படையில் சிப்பாய். தாயார் வியட்நாம் தேசத்துப் பெண்மணி. "யுத்தம் பார்க்கப் போகிறீரே, பெரியம்மா வீட்டிலும் போய்ப் பாரும், சாப்பாடும் கிடைக்கும்" என்று நண்பர் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். ஆட்டோவில் மறுபடி ரெட்டியார்பாளையம் வந்து சேர்ந்தோம்.

சிறிய வீடு. கூடத்துச் சுவரில் மாதா படம். அதன் பக்கத்தில், தொப்பியும் மீசையுமாக ஒரு சிப்பாயின் படம். அதற்குச் சற்றுக் கீழே, கழுத்து வரை பொத்தான் போட்ட நீள அங்கியில் ஒரு மெலிந்த பெண்ணின் படம். உள்ளிருந்து எண்ணெய் பொரியும் சப்தம் வந்து கொண்டிருந்தது.

"வாங்க தம்பி, வாத்தியாருன்னு சொன்னான். உட்காருங்க. கவிச்சி சாப்பிடுவீங்க இல்லே?" என்றார் அம்மையார்.

நாம் கடலூர்க் கரையில் பிறந்தவர். நெத்திலிக் கருவாட்டின் மணத்தில் எழுத்துக் கற்றவர். அந்த விஷயத்தில் அவருக்குக் கவலை வேண்டாம் என்று உறுதி கூறினோம்.

வந்த பதார்த்தத்துக்கு நெம் என்று பெயர். பாரிஸிலும் புதுச்சேரியிலும் அதுதான் பெயர். சைகோனிலோ 'சா யோ' என்றால்தான் இது கிடைக்குமாம். வெறுமனே நெம் என்றால் புளிக்க வைத்த மாமிசம் ஒன்றைக் கொண்டு வந்து வைத்துவிடுவார்களாம். இறாலும், நண்டுச் சதையும், கொத்திய பன்றி மாமிசமும், ஊறவைத்து நறுக்கிய கருங்காளானும், பாசிப்பயற்றங்கூழில் செய்த கண்ணாடி போன்ற சேமியாவும், வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய அரிசித் தாளில் விரல் பருமனுக்குச் சுருட்டி, எண்ணெயில் பொரித்தெடுக்கிறார்கள். அப்படியே வாயில் போட்டுக்கொள்வது மரியாதையல்ல. சலாத் இலையில் ஒரு நெம்மை வைத்து, இரண்டு மூன்று புதினா இலை போட்டு, சுருட்டி, கிண்ணத்திலுள்ள சாற்றில் தோய்த்து உண்ண வேண்டும்.

"கையாலேதான் சுத்தணும், தம்பி. முள்கரண்டி கேட்டீங்கன்னா எங்க அம்மா படத்திலேருந்து எறங்கி வந்துடும்" என்றார்.

முதல் கடியில் மொறுமொறுப்பு. அதை அடுத்து இலையின் குளிர்ச்சி. பிறகு அந்தச் சாறு. அதில் எலுமிச்சையின் புளிப்பும், சர்க்கரையின் தித்திப்பும், பூண்டும், மிளகாயும் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், நமக்கு ஜன்மாந்தரப் பழக்கமான ஒரு வாசனை எழும்பிற்று. அது நுவோக் மாம் என்னும் மீன் சாறு. நெத்திலி மீனை உப்போடு அடுக்கிப் பெரிய மரத் தொட்டிகளில் வருஷக் கணக்கில் வைத்தால், தெளிந்த தேன் நிறத்தில் ஒரு திரவம் இறங்குமாம். கடலூர்க் கருவாட்டுக்குக் கடலுக்கப்பால் இப்படி ஒரு நெருங்கிய உறவினர் இருப்பது இதுவரை நமக்குத் தெரியாமற் போயிற்றே என்று வியந்தோம். எத்தனை நெம் சாப்பிட்டோம் என்ற கணக்கை நண்பரிடம் சொல்லக் கூடாதென்று அம்மையாரிடம் கேட்டுக் கொண்டோம்.

அரிசித் தாள் இப்போது கடையில் பொட்டலமாக வருகிறது. அல்லது பிரான்சிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் கொண்டு வருகிறார்கள். அம்மையாரின் தாயார் காலத்தில் அது இந்த வீட்டிலேயே தயாராயிற்று. கொதிக்கும் பானையின் வாயில் துணி கட்டி, அரிசி மாவை அதன்மேல் மெல்லிசாக இழுத்து விட்டு, ஆவியில் வெந்ததும் மூங்கில் தட்டில் எடுத்துப் போட்டு வெயிலில் காய வைப்பார்களாம். மொட்டை மாடியில் ஒரு பக்கம் பக்கத்து வீட்டார் வடகம். மறுபக்கம் இவர்கள் அரிசித் தாள். காக்கைக்கு இரண்டும் ஒன்றுதான்.

குறிப்புப் புத்தகத்தை எடுத்து, "அளவு சொல்லுங்கள், அம்மா" என்றோம். அவர் சிரித்தார். "அளவா? இறால் இவ்வளவு," என்று உள்ளங்கையைக் குவித்துக் காட்டினார். "சேமியா ஒரு பிடி. உப்பு போடவே கூடாது. நுவோக் மாம்தான் உப்பு." குவித்த கையை எப்படி எழுதுவது? அந்தக் கையின் அளவும் நம் கையின் அளவும் ஒன்றல்லவே. இரண்டு பிள்ளைகளும் பிரான்சில் இருக்கிறார்கள். அங்கே எந்தக் கடைக்குப் போனாலும் நெம் கிடைக்கிறது. ஆகவே பேத்திகள் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. நாம் கேட்டுக் கேட்டு, கண்ணால் மதிப்பிட்டு, ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்தோம்.

பிறகுதான் சுவரிலிருந்த படங்களைப் பற்றிக் கேட்டோம்.

தகப்பனார் பிழைப்புக்காகப் படையில் சேர்ந்தவர். 1940-ல் ஜப்பானியர் இந்தோ சீனாவில் நுழைந்தபோதும், 1945 மார்ச்சில் அவர்கள் பிரெஞ்சு அதிகாரத்தை ஒரே இரவில் பறித்தபோதும் அவர் சைகோனில் இருந்தார். நேதாஜி தம் கடைசி விமானத்தில் முதலில் ஏறியது அதே சைகோனில்தான், 1945 ஆகஸ்டு 17-ல். ஜப்பான் சரணடைந்த பின் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து, 1946-ல் வியட்நாமியரோடு பெரும் போர் தொடங்கினார்கள். தகப்பனாரை வடக்கே அனுப்பினார்கள். தாயாரின் தம்பியோ வியட்மின் படையில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"மாமா எந்தப் பக்கம், அப்பா எந்தப் பக்கம்னு வீட்டிலே பேச்சே கிடையாது, தம்பி. எனக்கு அப்போ பத்து வயசு. ஒருத்தரும் சொல்லாமலே தெரிஞ்சுது" என்றார் அம்மையார்.

தகப்பனார் உயிரோடு திரும்பினார். மாமனைப் பற்றித் தகவல் இல்லை. 1955-ல் குடும்பத்தோடு கப்பலேறிச் சென்னையில் இறங்கி, ரெட்டியார்பாளையம் வந்து சேர்ந்தபோது, புதுச்சேரியில் மூவர்ணக் கொடி ஏறி ஒரு வருஷம் ஆகப் போகிறது. 1962-ல் எந்த நாட்டுப் பிரஜையாக இருக்கப் போகிறாய் என்று எழுதிக் கேட்டபோது, பென்ஷனை உத்தேசித்துப் பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்தார். வருஷா வருஷம் நவம்பர் 11-ந் தேதி மெடல்களை மாட்டிக்கொண்டு, காலையில் நாம் பார்த்த அந்தச் சிப்பாய்ச் சிலைக்கு முன் போய் நின்றுவிட்டு வருவார்.

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அம்மா எங்க ஊர்ச் சமையல் செய்யாது. ரசமும் சாதமுந்தான். அப்பாவும் ஏன்னு கேட்டதில்லை. அது சாகிற வரைக்கும் அப்படித்தான்."

அந்த அம்மாள் தமிழ் சரியாகப் பேசக் கற்றுக்கொள்ளவில்லையாம். சந்தையில் விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவாராம். சொல்ல வேண்டியதை ரசத்தில் சொல்லத் தெரிந்திருந்தது.

"உங்கள் தகப்பனார் எப்போதாவது வருத்தப்பட்டாரா?" என்று கேட்டோம்.

"வயித்துக்குப் போனவர், தம்பி. வருத்தப்படறதுக்குப் பென்ஷன் குடுக்க மாட்டாங்க" என்றார். அதற்கு மேல் கேட்க நமக்கு நா எழவில்லை. புறப்படும்போது வாழை இலையில் நான்கு நெம் மடித்து, சாற்றைத் தனியாக ஒரு சிறு சீசாவில் ஊற்றிக் கொடுத்தார்.

வீடு திரும்பும் வழியில் இன்னும் ஓர் இடம் பாக்கியிருந்தது. வில்லியனூருக்கு அப்பால் உள்ள கீழூர் என்ற சிற்றூர். 1954 அக்டோபர் 18-ந் தேதி பிரெஞ்சிந்தியாவின் சட்டசபை அங்கத்தினரும் நகரசபை அங்கத்தினருமாக 178 பேர் அங்கே கூடி வோட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் முதல் தேதி அதிகாரம் கைமாறிற்று.

நம் பாடத்தில் இது ஒரு தனி அத்தியாயம். ஆனால் அந்த வருஷத்து மற்றத் தேதிகளையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1954 மே 7: தியென் பியென் பூ என்னும் மலைச் சூழ்ந்த பள்ளத்தாக்கில் பிரெஞ்சுச் சேனை வியட்நாமியரிடம் சரணடைந்தது. ஜூன் மாதம் மாந்தெஸ் பிரான்ஸ் என்பவர் பிரதம மந்திரியானார். ஜூலை 21: ஜினீவாவில் சமாதான உடன்படிக்கை. அக்டோபர் 18: கீழூர். சுப்பையா முதலிய நம் தலைவர்களும் தொண்டர்களும் பட்ட அடியும் சிறைவாசமும் கொஞ்சமல்ல. அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், தூர தேசத்துச் சேற்று வயல்களில் வியட்நாமியக் குடியானவர்கள் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் இடுப்பை முறித்திராவிட்டால், புதுச்சேரிக்கு அவ்வளவு சுலபமாகக் கதவு திறந்திருக்குமா என்பது சந்தேகமே. அந்தக் குடியானவர்களை எதிர்த்துச் சுடுவதற்கு நம் புதுச்சேரிப் பிள்ளைகளே போயிருந்தார்கள். சுடப்பட்டவர்களில் ஒருவருடைய தமக்கை ரெட்டியார்பாளையத்து மாடியில் அரிசித் தாள் உலர்த்திக் கொண்டிருந்திருக்கலாம்.

கீழூர் போய்ச் சேரும்போது பொழுது சாயும் சமயம். வோட்டெடுப்பு நடந்த இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. வருஷந்தோறும் ஆகஸ்டு 16-ந் தேதி அங்கே கொடியேற்றுகிறார்கள். நாம் போனபோது சுற்றிலும் வயலும் கொக்குகளும், பக்கத்தில் கிட்டிப்புள் ஆடும் சிறுவர் நாலைந்து பேரும் மட்டுமே. நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். சிறுவர்கள் வந்து சூழ்ந்து கொண்டு, "இன்னா சார் அது?" என்றார்கள். நெம் ஆறிப் போயிருந்தது, புதினா வாடவில்லை. ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தோம். ஒருவன் சாற்றில் தோய்த்துத் தின்று பார்த்து, "கருவாட்டு வாசனை சார்!" என்று இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினான்.